ஒரு பொட்டலத்துக்கு நான்கு விநாடி

மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்த மருந்தகத்தில் அவள் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தாள். வார்டு நர்ஸுகள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. ஒரு மாத்திரையைக் கையில் எடுத்தால் முன்பக்கம், பின்பக்கம், ஓரம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பாள்.

"மாப்பிள்ளை பாக்கும்போதுகூட இவ்வளவு பாத்திருக்க மாட்டீங்கக்கா" என்று கேலி செய்வார்கள்.

"பாத்திருந்தா அவரைக் கட்டியிருப்பேனா?" என்பாள். லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் கணவரே இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்.

இயந்திரம் வந்த வருடம், ஒன்பது பேர் இருந்த இடத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள். ஐந்து பீரோக்களை வரிசையாக நிறுத்தியது போல இருந்தது அது. உள்ளே முன்னூறு டப்பாக்கள். டாக்டர் கணினியில் எழுதியதும் டப்பாக்களிலிருந்து மாத்திரைகள் விழும். வேளைக்கு ஒரு பொட்டலமாக, நோயாளியின் பெயரும் நேரமும் அச்சடித்து, நீளமான நாடாவாக வெளியே வரும். ஒவ்வொன்றையும் கேமரா படம் பிடித்துச் சரிபார்க்கும். சந்தேகம் வந்தால் அவள் திரையில் மஞ்சள் கட்டத்துக்குள் அந்தப் படம் வரும், 'பொருந்தவில்லை' என்ற எழுத்தோடு. பார்த்துவிட்டு 'சரி' அல்லது 'நிறுத்து' அமுக்க வேண்டும். இனி அதுதான் வேலை.

முதல் மாதம் நாளுக்கு நாற்பது பொட்டலங்களை நிறுத்தினாள். வெட்டிப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். உண்மையான தவறு இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் மாத்திரை கவிழ்ந்து கிடந்தது, நிழல் விழுந்தது, அவ்வளவுதான். மேலாளர் கூப்பிட்டனுப்பினார். கடிந்து பேசத் தெரியாத மனிதர்.

"ரெண்டு தப்பைக் கண்டுபிடிச்சீங்க, நல்லது. ஆனா ஆயிரத்து இருநூறு பொட்டலத்தை நிறுத்தியிருக்கீங்க. மருந்து லேட்டாகுதுன்னு வார்டுல என் தலையை உருட்டுறாங்க. ஒரு பொட்டலத்துக்கு நாலு செகண்டு. அதுக்குள்ள முடிவு பண்ணுங்க."

"நாலு செகண்டுல என்ன சார் தெரியும்?"

"மெஷின் ஏற்கெனவே பாத்துடுதும்மா. நீங்க ரெண்டாவது கண்ணு."

அவள் வேகம் பிடித்தாள். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. கை தானாகப் பழகிவிட்டது. அரை வருடத்தில் சுவரில் ஒட்டிய வேகப் பட்டியலில் அவள் பெயர் முதலில் இருந்தது. வீட்டில் கணவர் ஏதாவது கேட்க ஆரம்பித்தால், முடிக்கும் முன்பே "சரி" என்பாள். "நான் இன்னும் கேக்கவே இல்லையே" என்பார் அவர்.

பிறகு மருந்து வாங்கும் கம்பெனியை மாற்றினார்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையில், பழைய கம்பெனியின் ஒரு மில்லிகிராமும் ஐந்து மில்லிகிராமும் வேறு வேறு நிறம். புதியதில் இரண்டும் வெள்ளை, ஒரே வட்டம். மேலே பொறித்த எண் மட்டும்தான் வித்தியாசம். புது மாத்திரைகளின் படத்தை இயந்திரத்தில் ஏற்ற இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு வாரமும் திரை முழுக்க மஞ்சள். ஆறாம் நாள் யாரோ ஐந்து மில்லிகிராம் மாத்திரைகளை ஒரு மில்லிகிராம் டப்பாவில் கொட்டிவிட்டார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

அன்று மாதாந்தர மருந்து வாங்கிப் போனவர்களில் ஒரு தையல்காரரும் இருந்தார். இருபத்தெட்டு பொட்டலங்கள். முதலில் ஈறில் இரத்தம் கசிந்தது. பிரஷ் குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டார். ஒன்பதாம் நாள் தையல் மெஷின் மேலேயே சாய்ந்தார். மூளைக்குள் இரத்தக் கசிவு. கண் திறக்காமலே போய்விட்டார்.

விசாரணையில் அந்தப் படத்தைச் சுவரளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினார்கள். ஐந்து என்ற எண் பளிச்சென்று தெரிந்தது. அவள் திரையில் அது கடுகளவு. ஆனாலும் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று அவளுக்கே தெரியும். 'இயந்திரம் இருபத்தெட்டு முறை எச்சரித்தது. மருந்தாளர் இருபத்தெட்டு முறையும் சரி என்றார்' என்று அறிக்கை எழுதினார்கள். மொத்தம் ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. மூன்று வருடத்துக்கு உரிமம் ரத்து.

"உன் ஒருத்தி தப்பா இது?" என்று கணவர் கேட்டார்.

"அமுக்கினது என் விரல்தானே."

போகாதே என்று அவர் தடுத்தும், தையல்காரர் வீட்டைத் தேடிப் போனாள். ஒரே அறை. துணி போர்த்திய தையல் மெஷின், பக்கத்தில் யாரோ தைக்கக் கொடுத்த பாதிக் கால்சட்டை. அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கத்துவாள் என்று நினைத்து வந்தவளுக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்." பிறகு தலையை ஆட்டினாள். "இல்லம்மா. பாக்கல. அமுக்கினேன்."

அந்த அம்மாள் அலமாரியிலிருந்து ஒரு பொட்டல நாடாவை எடுத்து வந்து மடியில் போட்டாள். "இது என்னோட பிரஷர் மருந்து. அதே இடத்துலதான் வாங்கறேன். நாலு நாளா சாப்பிடல. நெஞ்சு படபடங்குது. இதைச் சாப்பிடலாமா?"

அவள் ஜன்னல் பக்கம் போய் நின்று, ஒவ்வொரு பொட்டலத்தையும் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அரைமணி நேரம் ஆனது.

"எல்லாம் சரியா இருக்கும்மா."

"அன்னைக்கும் அதையேதானே சொன்னீங்க."

அந்த அம்மாள் ஒரு பொட்டலத்தைக் கிழித்து, மாத்திரையை வாயில் போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு தண்ணீர் குடித்தாள். "வேற எங்க போவேன் நான்? நீங்க கிளம்புங்க."

மூன்று வருடம் முடிந்தும் அவள் உரிமத்துக்கு எழுதிப் போடவில்லை. இப்போது ஒரு துணிக்கடையில், உடை மாற்றும் அறை வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறாள். மருந்தகத்தில் அவள் இடத்தை எடுத்துவிட்டார்கள். மஞ்சள் படங்கள் இப்போது வேறேதோ ஊரில் இருக்கும் ஒருவரின் திரைக்குப் போகின்றன. நேரத்தை மூன்று விநாடியாகக் குறைத்திருப்பதாக, துணி வாங்க வந்த ஒரு நர்ஸ் சொன்னாள்.