பச்சைக் குடம்

அந்தப் பச்சை பிளாஸ்டிக் குடத்தின் இடுப்பில் ஒரு தழும்பு உண்டு. விரிசல் விட்ட இடத்தில், உடைந்த சிவப்பு வாளியின் துண்டைப் பழுக்கக் காய்ச்சிய கரண்டிக் காம்பால் உருக்கி ஒட்டியவர் வன்னியம்பட்டி அக்கா.

ராஜபாளையத்தில், அய்யனார் கோவில் போகும் சாலையில் இருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நான் காப்பாளன். பழைய வீடுகளைப் பிரித்து, கல்லுக்கும் மரத்துக்கும் எண் போட்டுக் கொண்டுவந்து, இருந்தபடியே மறுபடி கட்டி வைப்பது எங்கள் வேலை. இருந்தபடியே என்பதில்தான் வம்பு. அக்கா தன் ஓட்டு வீட்டோடு சாமான்களையும் தந்திருந்தார்: பட்டாளத்தில் இருந்த கணவரின் இரும்புப் பெட்டி, ஏசு படம் போட்ட காலண்டர், இந்தக் குடம். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் எங்கள் இயக்குநர் குடத்தை எடுத்துவிட்டு, அடுப்படியில் பித்தளைக் குடங்களை அடுக்கச் சொன்னார். அடுக்கியவன் நான்தான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

விழாவன்று அக்கா எல்லோருக்கும் முன்னால் உள்ளே போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, வாசற்படியை அடைத்து உட்கார்ந்துகொண்டார். விருந்தினர்கள் வெயிலில் நின்றார்கள். பிளாஸ்டிக் எப்படிப் பண்பாடாகும் என்று இயக்குநர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“பித்தளைக் கொடம் எங்க வீட்டுல எப்ப சார் இருந்துச்சு? அது பெரிய வீட்டுல இருந்துச்சு. நாங்க வெளிய நின்னு பாத்ததோட சரி. தண்ணி லாரி வாரப்ப இதத் தூக்கிக்கிட்டு எம்புட்டு ஓட்டம் ஓடியிருப்பேன். இது இல்லைன்னா இது என் வீடு இல்ல. பிரிச்சுக் குடுத்துருங்க, கொண்டு போறேன்.”

நான் யாரையும் கேட்கவில்லை. கிடங்கிலிருந்து குடத்தை எடுத்து, குழாயில் நிரப்பிக்கொண்டு வந்தேன். அதற்கு மட்டும் அக்கா காலை ஒதுக்கி வழி விட்டார்.

மற்ற வீடுகளில் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பச்சைக் குடம் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்தால் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். பக்கத்தில் உள்ள மடவார் வளாகம் பகுதியிலிருந்து வந்த ஒரு பெண், குழாயடியில் தான் போட்ட சண்டையைத் தன் மகளுக்கு நடித்தே காட்டினார். எந்தப் பித்தளைக் குடம் அதைச் செய்திருக்கும்?

அக்கா இப்போது இல்லை. புதிதாக வந்திருக்கும் இயக்குநரும் குடத்தை மாற்றச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருக்கிறார். தழும்பு கசிந்து தரை பாழாகிறதாம்.

இன்று காலையும் நிரப்பி வைத்தேன். கசியத்தான் செய்கிறது. அக்கா வீட்டுத் தரை அப்படித்தான் இருந்தது.