எதிர்ச் சுவருக்கு எத்தனை மீற்றர்

போன வருடம் காய்ச்சலில் விழுந்து எழும்பியபோது என் மனைவிக்கு வலது காது கேட்காமல் போயிருந்தது. இனித் திரும்பாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவள் அதை ஏற்றுக்கொண்ட அளவுக்கு நான் ஏற்றுக்கொள்ளவில்லை. பின்னேரம் வேலையால் வந்து, ஹோலில் இரண்டு கதிரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாட்டுக் கேட்பது கலியாணம் கட்டிய காலத்திலிருந்து எங்கள் வழக்கம். காது போன பிறகு அவள் அந்தக் கதிரையில் வந்து இருப்பதை விட்டுவிட்டாள். கேட்டால் குசினியில் சமையல் வேலை கிடக்கிறது என்பாள். எனக்கு அவள் திரும்பவும் வந்து இருக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

பழைய பாட்டுப் பெட்டியில் சத்தம் தெளிவில்லை, அதனால்தான் அவளுக்குப் பிடிபடவில்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லதொரு அம்பிளிபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் வாங்கிக்கொண்டு பாலையூற்றில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து இறக்கினேன்.

நான் துறைமுகத்தில் மின்சாரப் பகுதியில் வேலை செய்கிறவன். வயரை அளந்து வெட்டினால் ஒரு சாண்கூட மிஞ்சாது என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. எங்கள் ஹோலில் வடக்குச் சுவரில் மட்டுமே பிளக் இருக்கிறது. அதனால் அலுமாரித் தட்டில் அம்பிளிபயர், அதற்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்கள், எதிரே இரண்டு கதிரைகள். இரண்டு வயரும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்று எங்கோ வாசித்திருந்தேன். இரண்டரை மீற்றர், இரண்டரை மீற்றர். வெட்டி, சுவரோடு கிளிப் அடித்து முடித்தேன்.

அன்றைக்குச் சல்லிக் கிராமத்திலிருந்து மீன் கொண்டுவந்த அவளுடைய தம்பி, கடல் தொழில் செய்கிறவன், குனிந்து பார்த்தான்.

“என்ன அத்தான், இப்பிடி ஒட்ட வெட்டிப்போட்டீங்கள்? நாங்கள் நங்கூரக் கயிறு விட்டால் ஆழத்தைப்போல மூண்டு மடங்கு விடுவம்.”

“இது வீடடா, வள்ளமில்லை. காத்துக்கு இழுபடாது.”

அவன் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான். எனக்கு எரிச்சல்தான்.

முதல் இரண்டு நாளும் அவள் என் மனம் நோகக்கூடாதென்று வந்து இருந்தாள். குசினி வாசலோடு இருக்கும் கிழக்குப் பக்கக் கதிரைதான் எப்போதும் அவளுடையது; அடுப்பில் ஒரு கண் இருக்க வேண்டும். மூன்றாம் நாள் நான் முகம் கழுவிக்கொண்டு வந்து பார்க்கிறேன், கதிரையைக் குசினிப் பக்கம் திருப்பிப் போட்டு, என் கதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

“இவ்வளவு பாடுபட்டு ஸ்பீக்கர் பூட்டியிருக்கிறன், நீர் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறீர்?”

பாட்டுச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. முன்னால் போய் நின்று திரும்பவும் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை.

“இப்பிடி இருந்தால்தான் நல்ல காது ஸ்பீக்கர் பக்கம் நிக்குது. பாட்டு விளங்குது.”

“அப்ப நான்?”

“அதுதான் ஏலாமல் கிடக்குது. பாட்டைக் கேட்டால் உங்கட முகம் தெரியாது. முகம் தெரியாட்டில் நீங்கள் கதைக்கிறது எனக்குப் பிடிபடாது. அதுதான் இவ்வளவு நாளும் குசினிக்குள்ளேயே நிண்டனான்.”

ஒரு வருடமாக நான் பேசும்போது அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஏன் பார்க்கிறாள் என்று நான் யோசித்ததில்லை. கேட்காவிட்டால் இன்னும் கொஞ்சம் கத்தினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. போய்ப் பாட்டை நிறுத்தினேன்.

அடுத்த நாள் அவள் சந்தைக்குப் போன நேரம் பாட்டைப் போட்டுவிட்டு, அவளுடைய கதிரையில் இருந்துகொண்டு வலது காதை விரலால் அடைத்துக்கொண்டேன். வடக்கே பார்த்தால் பாதிப் பாட்டு மங்கல். குசினியைப் பார்த்தால் தெளிவு. என் கதிரைப் பக்கம் திரும்பினேன். நல்ல காது தெற்குச் சுவரைப் பார்த்தது. அங்கே ஒரு கலண்டரைத் தவிர ஒன்றுமில்லை. ஸ்பீக்கர் இரண்டும் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

பிளக்கைத் தெற்குக்கு மாற்றலாமே என்று கேட்பீர்கள். போன மாதம்தான் பெயின்ற் அடித்தது, சுவரைக் கொத்த அவள் விடமாட்டாள். எனவே வயர்தான் போக வேண்டும். அளவு நாடாவை எடுத்து, அலுமாரிக்குப் பின்னால் இறங்கி, மேற்குச் சுவரோடு ஜன்னலுக்குக் கீழால் போய், மூலை திரும்பி அளந்தேன். கிட்ட நிற்கும் ஸ்பீக்கருக்கு ஒன்பது மீற்றர். தூரத்ததுக்குப் பதினொன்றரை. இவ்வளவு நீளத்துக்குத் தடித்த வயர் வேண்டும். என் இரண்டரை மீற்றர்த் துண்டுகளைச் சுருட்டி அலுமாரி லாச்சிக்குள் போட்டேன்.

டவுணில், முதல் வயரை வாங்கிய அதே கடைக்காரர். “அண்ணை, போன கிழமைதானே கணக்காய் அளந்து வாங்கிக்கொண்டு போனீங்கள்?”

“அளவு பிழைச்சுப்போச்சு,” என்றேன். இத்தனை வருட வேலையில் அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. தடித்த வயரில் பக்கத்துக்குப் பதினைந்து மீற்றர் வாங்கினேன். மிஞ்சியதை வெட்டவில்லை, ஸ்பீக்கருக்குப் பின்னால் வளையமாகச் சுருட்டி விட்டிருக்கிறேன். அடுத்தமுறை மீனோடு வரும்போது மச்சான் அதைக் கட்டாயம் பார்ப்பான். பார்க்கட்டும்.

அன்று பின்னேரம் இரண்டு கதிரைகளையும் எதிரும் புதிருமாகப் போட்டேன். வாசித்த எந்த விதிப்படி பார்த்தாலும் பிழை. சத்தம் முழுவதும் எனக்கு வலது காதுக்குள் வந்து விழுந்தது. அவளுக்கு இடது காதுக்குள். சோற்றை இறக்கிவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு தன் கதிரையில் இருந்தாள். முதல் பாட்டு முடியவில்லை, என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள்.

“என்ன?”

“பக்கத்தில பக்கத்தில இருந்ததால இவ்வளவு காலமும் எனக்குத் தெரியேல்லை. நீங்கள் பாட்டுக்குத் தலையாட்டுறது ஒண்டுகூடத் தாளத்துக்கு வரேல்லை.”

“உமக்குத்தான் ஒரு காது கேக்காது,” என்றேன்.

பாட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தது. நான் சத்தம் கூட்டிச் சொல்லவில்லை. அவளுக்குக் கேட்டது, இன்னும் சிரித்தாள்.