மூன்று மிஸ்டு கால்

2025 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி பதினான்கு நிமிடம். பட்டாபிராமில் மேகம் கவிந்திருந்தது. மழை இல்லை, சட்டை முதுகோடு ஒட்டும் புழுக்கம். அந்த நேரத்தில்தான் என் பேத்தியின் செல்போனிலிருந்து நானூறு ரூபாய் போனது. நான் அப்போது ஆவடியிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தேன்.

பேத்தி ஏழாம் வகுப்பு. பள்ளி அம்பத்தூரில். தனியாக ரயிலில் போய்வருகிறவள் என்பதால் போன் வாங்கிக் கொடுக்கச் சொன்னதே நான்தான். ஆபத்துக்கு இருக்கட்டுமென்று நானூற்று இருபத்து மூன்று ரூபாய் பேலன்ஸும் போட்டு வைத்திருந்தேன். தினமும் இரவு எட்டு மணிக்கு அதைச் சரிபார்ப்பேன். அன்று இருபத்து மூன்றுதான் இருந்தது.

"கேம்ல எதையாவது அமுக்கியிருப்பா" என்றான் மகன்.

"இல்லப்பா, சத்தியமா இல்ல."

"பொய் வேறயா?"

மருமகள் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். "இனிமே இவளுக்குப் போன் கிடையாது. நீங்களும் பரிஞ்சு பேசாதீங்க மாமா."

மறுநாள் காலை அவளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடும்போது கேட்டேன்.

"யாருக்கும்மா பேசினே? திட்ட மாட்டேன்."

"உங்களுக்குத்தான் தாத்தா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் அழுதுகொண்டே சொன்னாள். எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு, நான் வைத்தது. வெளியே போனால் ஒரு மிஸ்டு கால்: ரயில் ஏறிவிட்டேன். இரண்டு: இறங்கிவிட்டேன். மூன்று: அவசரம், உடனே திருப்பிக் கூப்பிடு. நிமிடத்துக்குக் காசு போன காலத்தில் ஆரம்பித்தது. இன்றைக்கு எத்தனை மணி நேரம் பேசினாலும் ஒரே காசு என்றான பிறகும் நான் விடவில்லை. செவ்வாய்க்கிழமை ஏதோ தெரியாத எண்ணிலிருந்து அடுத்தடுத்து மூன்று மிஸ்டு கால் வந்திருக்கிறது. தாத்தா எங்கோ விழுந்துவிட்டார், யாருடைய போனிலிருந்தோ கூப்பிடுகிறார் என்று நினைத்துத் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் ஏதோ பாட்டுச் சத்தம். தாத்தா, தாத்தா என்று கூப்பிட்டபடி வைக்காமல் காத்திருந்திருக்கிறாள்.

அன்று நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என் கை காலைத் தொட்டுப் பார்த்தாள். வழி விடு என்று அதட்டியிருந்தேன்.

அவளை ரயில் ஏற்றிவிட்டு நேரே ரீசார்ஜ் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர்.

"இது வெளிநாட்டு ஃப்ராடு நைனா. மிஸ்டு கால் உட்டுப் பார்ப்பான். நாம திருப்பிப் பண்ணா நிமிஷத்துக்கு எம்பது ரூபா பூடும், அதுல அவனுக்குப் பங்கு. பாப்பா மேல இன்னா தப்பு? பேலன்ஸ் எதுக்கு அம்மாம் வச்சிகினு கீறே?"

"ஆபத்துக்குத்தான்."

"அதான் வந்துட்ச்சே!" என்று சிரித்தார். பிறகு, "மொதல்ல வெளிநாட்டுக்குப் போற ஐஎஸ்டிய மூடு. என்னால முடியாது, அம்பத்தூர்ல சிம் கம்பெனி ஆபீசுக்குப் போவணும்" என்றார்.

அன்றே போனேன். டோக்கன் எண் முப்பத்தேழு. ஒரு மணி ஐம்பது நிமிடம் கழித்து, சிம் மகன் பெயரில் இருப்பதால் அவன் வர வேண்டும் என்றார்கள். வியாழக்கிழமை அவன் ஆதார் நகலும் கையெழுத்திட்ட கடிதமும் கொண்டுபோனேன். ஆளே வர வேண்டும் என்றார்கள்.

"விடுங்கப்பா, நானூறு ரூபாய்க்கு இத்தனை அலைச்சலா?" என்றான் மகன்.

"பணத்துக்கு இல்லடா. அவ பொய் சொல்லலைன்னு நீ பார்க்கணும். சனிக்கிழமை ஒரு மணி நேரம் பர்மிஷன் போடு."

வேலை பார்க்கும் அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து பைக்கில் வந்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. கவுன்ட்டரில் இருந்த பெண் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். ஒரே ஒரு வெளிநாட்டு அழைப்பு. நான்கு நிமிடம் பதினொரு வினாடி, ஐந்தாகக் கணக்கு. கேமுக்கு ஒரு பைசா போகவில்லை.

"நாலு நிமிஷமா? அதுவரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தா?"

"என்னைக் கூப்பிட்டுக்கிட்டிருந்தா."

மகன் ஐஎஸ்டியை மூடக் கையெழுத்துப் போட்டான். பணம் திரும்ப வராது என்றாள் அந்தப் பெண். புகார் எண்ணாவது கொடுங்கள் என்று கேட்டு, வாங்கி எழுதிக்கொண்டுதான் எழுந்தேன்.

அன்று மாலை மகனே பீரோவைத் திறந்து போனை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "அப்பா தெரியாம சொல்லிட்டேன்டா" என்றான். மிஸ்டு கால் முறையை அன்றோடு ஒழித்தேன். இனி யாராக இருந்தாலும் பேச வேண்டும்; பேசினால்தான் அவசரம் என்று அவளை மூன்று தடவை சொல்ல வைத்தேன். இருந்த இருபத்து மூன்று ரூபாய்க்கு மேல் பேலன்ஸ் போடவில்லை.

அழைப்புக்கு நானூறு, மூன்று தடவை ரயிலுக்கு முப்பது, ஷேர் ஆட்டோவுக்கு நூற்றிருபது, நகலுக்கு ஆறு. ஆக ஐந்நூற்று ஐம்பத்தாறு ரூபாய்.