கலப்பத்து அடைத்த மோட்டார் சைக்கிள்

என் வீட்டுக்காரர் ஓடாவி. தோணி கட்டுகிறவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளில் பலகை மாற்றுவதும் சந்து அடைப்பதும் அவர் வேலை. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஒரு பஞ்சு வியாபாரி சரக்கு வைக்கும் கிட்டங்கிக்குக் கதவும் நிலையும் செய்து கொடுத்தார். கூலிக்குப் பதிலாக, அங்கே மூலையில் கிடந்த மோட்டார் சைக்கிளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனதாம். டயர் இல்லை, சீட் இல்லை. உப்புக்காற்று தின்றது போக மீதி இரும்புதான் வந்து சேர்ந்தது.

எங்கள் வீட்டில் முன்னறை ஒன்று, பின்னால் குசினி ஒன்று. சமையலும் சாமான்களும் குசினியில். இருப்பதும் படுப்பதும் முன்னறையில். மோட்டார் சைக்கிள் முன்னறைக்கு நடுவில் நின்றது. வெளியே விட்டால் மிச்சத்தையும் காற்று தின்றுவிடும் என்றார். நாங்கள் அதைச் சுற்றிப் பாய் விரித்துப் படுத்தோம். மகள் கலியாணத்துக்கு அதன்மேல் வேட்டியைப் போர்த்தி, மேலே பூச்சட்டிகளை வைத்தோம். கலியாண போட்டோவில் அது ஏதோ பீடம் மாதிரி விழுந்திருக்கிறது.

வேலை முடிந்து வந்ததும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். லாஞ்சு என்ஜின் பழுது பார்க்கும் ஒருவரைக் கூட்டிவந்து என்ஜினைச் சரி செய்தார். டயர் இரண்டு பழசாக வாங்கிப் போட்டார். மற்றதெல்லாம் அவர் கை. பூவரச மரத்தில் சீட்டு இழைத்தார். கைப்பிடி இரண்டும் மரம். துருப் பிடிக்காமல் இருக்க வாரந்தோறும் மீனெண்ணெய் பூசுவார், தோணிக்குப் பூசுவது போல. அந்த வாடை எங்கள் உடுப்பிலும் இருந்தது. கோயிலில் பூசைக்குப் போனால் நான் கடைசியில்தான் நிற்பேன். பொதுவாகவே எனக்கு நாலு பேர் முன்னால் நிற்க வராது. வீட்டுக்கு அந்நிய ஆண் வந்தால் குசினிக் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். கேட்பதற்கு அவரே பதில் சொல்லிக்கொள்வார்.

மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கியது. அவளைப் புன்னைக்காயலில் கொடுத்திருந்தோம். பேறுகாலத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். நாள் குறிக்கப் போனபோது சம்பந்தியம்மா வாசலிலேயே கேட்டாள்.

"கூட்டிட்டுப் போயி எங்கன மதினி படுக்கப் போடுவீக?"

"முன்னறையிலதான்" என்றேன்.

"அங்கன மோட்டாரு படுத்துக் கெடக்கே. அதுக்குப் பேறுகாலம் பாக்கப் போறீகளா, எம் மருமவளுக்கா?"

பக்கத்து வீட்டுக்காரிகள் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. அறை காலியானால் அனுப்புகிறேன், இல்லாவிட்டால் இங்கேயே நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டாள். மகள் கதவு வரைக்கும் வந்து, "எம்மா, எப்படியாவது அதத் தள்ளிவிட்ரும்மா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "வித்துரலாம். முடிச்சிட்டு விப்போம்" என்றார்.

முடிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அரைவேலைத் தோணியை எந்த ஓடாவியும் கைமாற்ற மாட்டார். முதலாளி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் கடைசிச் சந்து அடைத்து, சாமியார் தீர்த்தம் தெளித்த பிறகுதான் அது தண்ணீரில் இறங்கும். முடிக்காமல் இறக்கிய தோணி ஆளை முக்கிவிடும். அவர் அப்பாவும் அப்படித்தான் இருந்தாராம். மோட்டார் சைக்கிளுக்கும் அதே சட்டம் என்று அவர் வைத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது பெட்ரோல் டாங்கு. அடியில் துரு அரித்து ஓட்டைகள். வெல்டிங்கில் பற்றவைக்கக் கொடுக்கலாம் என்று லாஞ்சுக்காரர் சொன்னதற்கு, "ஓட்டை அடைக்க என்னையா இன்னொருத்தங்கிட்ட போகச் சொல்லுத?" என்று கேட்டுவிட்டார். கலப்பத்து பார்த்தார். தோணிப் பலகைச் சந்தில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே அப்புவார்களே, அதுதான் கலப்பத்து. டாங்கின் ஒவ்வொரு ஓட்டைக்கும் அதைச் செய்தார். பிறகு தண்ணீர் நிறைத்து, கீழே அடுப்புச் சாம்பலைப் பரப்பி, அதன் மேல் தூக்கிக் கட்டினார். மறுநாள் பார்த்தால் சாம்பலில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. கவிழ்த்துக் காயவைத்துவிட்டு, "கொழும்பு வரைக்கும் போவும்ளா" என்றார்.

லாஞ்சுக்காரர் மூலம் கேள்விப்பட்டு ஒரு வாத்தியார் நாசரேத்திலிருந்து வந்தார். அவருக்குப் பழைய வண்டிகள் மேல் ஆசை. முன்பே ஒருமுறை வந்து பார்த்திருந்தார். முடியட்டும் என்று என் வீட்டுக்காரர் திருப்பி அனுப்பியிருந்தார். இந்தத் தடவை ஆறுமுகநேரியிலிருந்து உப்பு ஏற்றி வந்த லாரியில் வந்திருந்தார். வெறும் லாரியாகத் திரும்பும்போது வண்டியை ஏற்றிப் போகலாம் என்று டிரைவரிடம் பேசியிருந்தாராம். விலையும் முடிந்துவிட்டது. காலையிலேயே இவர் பெட்ரோல் வாங்கி ஊற்றி வைத்திருந்தார்.

நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் வைத்து உதைத்தார்கள். என்ஜின் ஓடியது. சன்னல் கம்பி அதிர்ந்தது. வாத்தியார் கை தட்டினார்.

"அண்ணாச்சி, சீட்டப் பாத்தா உக்கார மனசு வரல. எடுத்து ஷோகேசுல வைக்கலாம் போலிருக்கு."

"உக்காருங்க சார். தோணிப் பலவ. ஒம்ம பேரன் காலத்துக்கும் இருக்கும்."

அப்போதுதான் பெட்ரோல் வாடை குசினிக்குள் வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். டாங்கின் அடியிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறத்தில் கோழை மாதிரி ஏதோ இறங்கியது. என்ஜின் நின்றுவிட்டது. நான் திரும்பி, காப்பித் தண்ணீரை அப்படியே அடுப்பில் கவிழ்த்துத் தீயை அணைத்தேன். புகை எழும்பி முன்னறைக்கும் போனது.

அவர் விரலால் அந்தக் கோழையைத் தொட்டு முகர்ந்தார்.

"குங்கிலியம்" என்றார். விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, "எண்ணெயில காச்சினது. எண்ணெயில கரையாம என்ன செய்யும்?" என்று அவரே சொல்லிக்கொண்டார். ஆயுசு முழுக்கக் காய்ச்சியவர். பெட்ரோலும் ஒருவகை எண்ணெய்தான் என்று அவருக்கு அதுவரை தோன்றவில்லை. தோணிக்கு வெளியே தண்ணீர்தானே இருக்கும்.

வாத்தியார் சிரிக்கவில்லை. அது அவருடைய நல்ல குணம். "பரவால்ல அண்ணாச்சி, டாங்க நான் எங்க ஊர்ல பத்தவச்சுக்கிடுதேன்" என்றார்.

"இல்ல சார். அரைவேலைய நான் கைய விட்டு விடுததில்ல. அடுத்த மாசம் வாங்க."

வாத்தியார் வற்புறுத்தவில்லை. செருப்பை மாட்டத் தொடங்கினார். லாரிக்காரர் தெருமுனையில் ஆரன் அடித்தார். அடுத்த மாதம் என்றால் பிள்ளை புன்னைக்காயலில்தான் பிறக்கும்.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினேன்.

"சார், இப்படியே கொண்டு போங்க."

என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. இருவரும் குசினிப் பக்கம் திரும்பினார்கள்.

"ஏளா" என்றார் அவர். அதட்டல் இல்லை. ஆச்சரியம்தான்.

"அது என்ன தோணியா?" என்றேன். "கடல்ல யாரும் முங்கப் போறதில்ல. நின்னா ரோட்டுலதான நிக்கும்? எறங்கித் தள்ளுவாக."

வாத்தியார் பெரிதாகச் சிரித்துவிட்டார். "அக்கா சொல்லுதது சரிதான் அண்ணாச்சி. எனக்குத் தள்ளிப் பழக்கம் உண்டு."

என் வீட்டுக்காரர் உள்ளே போய்த் திருகுச் சாவிகளை எடுத்து வந்தார். முதலில் டாங்கைக் கழற்றி, மிச்சப் பெட்ரோலை ஒரு டின்னில் வடித்தார். டாங்கைச் சாக்கில் சுற்றினார். பிறகு சீட்டைக் கழற்றினார். கைப்பிடிகளைக் கழற்றினார். முன் சக்கரத்தையும் கழற்றினார்.

"என்ன அண்ணாச்சி செய்தீக?" என்று வாத்தியார் பயந்துபோய்க் கேட்டார்.

"மாட்டிக் குடுத்தா நான் முடிச்ச வண்டின்னு ஆயிரும். தனித்தனியாக் கொண்டு போங்க. சாமான்னு வித்தேன், வண்டின்னு விக்கல. நீங்க மாட்டினா அது ஒங்க வேல."

வாத்தியாருக்கு அது புரிந்ததோ என்னவோ, தலையை ஆட்டினார். ஓடி நின்ற வண்டி துண்டு துண்டாக லாரிக்குப் போனது. சீட்டை மட்டும் வாத்தியார் மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இவர் லாரி போகும்வரை நிற்கவில்லை. கை கழுவ வந்துவிட்டார்.

முன்னறையைச் சீயக்காயும் மணலும் போட்டுத் தேய்த்தேன். நடுவில் ஒரு கறை மட்டும் போகவில்லை. அதன்மேல் கட்டிலைப் போட்டோம். அன்று ராத்திரி அவர் காலை முழுசாக நீட்டிப் படுத்தார். நான் பேசியதைப் பற்றி அவர் அன்றும் கேட்கவில்லை, பின்னாலும் கேட்கவில்லை.

மகளைக் கொண்டுவந்து விட சம்பந்தியம்மாவே வந்தாள். அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். சன்னலைத் திறந்து மூடினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். மகள் அதற்குள் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"தரை ஒரு பக்கமா சாஞ்சிருக்கே மதினி" என்றாள் கடைசியில்.

நான் காப்பி போடக் குசினிக்குப் போய்விட்டேன். அந்த மாதத்துக்கு நான் பேசியது போதும் என்றிருந்தது.