எந்தப் பக்கம் திரும்பினாலும் அண்ணாச்சி

மொட்டை மாடியில் கூழ் வத்தலும் மிளகாயும் காய்கின்றன. காக்காய் விரட்ட என் வீட்டுக்காரி ஒரு பழைய சேலையைக் கட்டிப் பறக்கவிட்டிருக்கிறாள். கட்டியிருப்பது என் கேமரா ஸ்டாண்டில். ஒரு காலத்தில் அதைத் தொடுவதற்கே அவளை விடமாட்டேன். இப்போது அது காக்காய்க்கு வேலை பார்க்கிறது. எனக்குத்தான் வேலை இல்லை.

மிளகாய் நெடி ஏறித் தும்மினேன். தும்மினால் எனக்குத் திருச்சுழி ரோடு ஞாபகம் வந்துவிடும். அறுவடை நாளில் அந்த ரோட்டில் பாதி பஸ்ஸுக்கு, பாதி மிளகாய்க்கு. மிளகாய்ப் பக்கம் நின்று படம் எடுத்தவன் நான். என் ஒரு தும்மலில் கேமரா ஆடி ஒரு கோபுரத்துக்கு இரண்டு உச்சி வந்திருக்கிறது. நல்லவேளை, சாமி ஒன்றும் சொல்லவில்லை. மேனேஜர்தான் சொன்னார்.

வேலை என்னவென்று சொல்லவில்லையே. மதுரையில் ஒரு கம்பெனி. கோயில், கண்மாய், சந்தை, பஸ் நிறுத்தம் என்று ஊர் ஊராகப் போக வேண்டும். நட்டநடுவில் ஸ்டாண்டை ஊன்றி, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒட்டினால் ஒரே படம். பார்க்கிறவர் போனில் விரலால் தள்ளித் தள்ளி, அந்த இடத்திலேயே நின்று சுற்றிப் பார்க்கிற மாதிரி பார்க்கலாம். பெரிதாக்கினால் டீக்கடைப் பலகையில் எழுதியிருப்பதுவரை படிக்கலாம். எடுப்பவனுக்குத்தான் வெயில்.

நம்ம பக்கத்தில் மூன்று காலை ஊன்றினாலே சர்வேயர் என்றுதான் அர்த்தம். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகுது என்ற பேச்சு வேறு. ஊன்றிய உடனே கூட்டம் கூடி, யார் நிலம் போகுது என்று கேட்டார்கள். வெறும் படம்தான் என்றேன். அப்படியென்றால் எதுக்கு எங்க காட்டுப் பக்கம் திருப்புறீக என்றார் ஒருத்தர். சுற்றிலும் பருத்திக் காடும் சோளக் காடும்தான், வேறு எந்தப் பக்கம் திருப்ப? பந்தல்குடியில் அந்தத் தொல்லை இல்லை, லாரித் தொல்லை. முன்பாதி படத்தில் இருக்கும், பின்பாதி தூத்துக்குடிக்குப் போயிருக்கும்.

இதில் கம்பெனி விதி ஒன்று: படத்தில் ஆள் இருக்கக் கூடாது. மீறி யாராவது விழுந்துவிட்டால் மூஞ்சியை மெஷினே கலங்கலாக்கிவிடும். திருச்சுழி பஸ் நிறுத்தத்தில் ஆள் இல்லாமல் எடு என்றால் நான் என்ன, நூற்று நாற்பத்து நாலா போட முடியும்?

அங்கேதான் சங்கரபாண்டி அண்ணாச்சியைப் பார்த்தேன். பருத்தியும் சோளமும் போடுகிற சம்சாரி, அதிகம் பேசாத ஆள். ஸ்டாண்டை ஊன்றும்போதே பக்கத்தில் வந்து, இது மெட்ராஸ்ல தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். போன்லயா? போன்லயும்தான். பாக்குறவுக சுத்திச் சுத்திப் பாக்கலாமோ? பாக்கலாம் என்றேன். விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். நானும் நிம்மதியாக லென்ஸைத் துடைத்தேன்.

திரும்பி வந்தவர் சலவை வேட்டி, சலவைச் சட்டையில் இருந்தார். நேராக டீக்கடை முன்னால் போய் நின்றார். சரி, ஒரு ஆள் விழுந்தால் விழட்டும் என்று எடுத்தேன். கேமராவை வேப்பமரத்துப் பக்கம் திருப்பினால், வேப்பமரத்தடியில் நிற்கிறார். கோயில் பக்கம் திருப்பினேன். அங்கே எனக்கு முன்னால் போயிருந்தார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி என்றால் தள்ளித்தான் நின்றார், அடுத்த படம் விழுகிற இடத்துக்கு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. டீக்கடைக்காரர்தான் கூப்பிட்டு, ஒரு டீயைக் கையில் கொடுத்து, மெதுவாகச் சொன்னார். அண்ணாச்சிக்கு ஒரே மகள். கூடப் படித்த வேற சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு மெட்ராசில் இருக்கிறாள். சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், இனிமேல் அவ மூஞ்சியில் முழிக்க மாட்டேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல் மாறுகிற ஆளில்லை என்று பெயர் வாங்கியவர். அந்தப் பெயர்தான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது.

டீயைக் குடித்துவிட்டு அவரிடம் போனேன். ஒரு பக்கம் நின்றால் போதுமே என்றேன்.

"அவ எந்தப் பக்கம் திருப்பிப் பாப்பான்னு நமக்கென்ன தெரியும்?" என்றார். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு, "நான் அவளப் பாக்க மாட்டேன்னுதான் சொல்லிருக்கேன் தம்பி. அவ என்னப் பாக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

மிச்சச் சுற்றையும் எடுத்தேன். அவருக்கு நடக்க நேரம் கொடுத்தே எடுத்தேன்.

ஒட்டிப் பார்த்தால் திருச்சுழியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அண்ணாச்சி. ஒட்டு விழுந்த இடத்தில் ஒரு அண்ணாச்சிக்கு மூன்று கால். மேனேஜர் போனில், ஊர்ல வேற ஆளே இல்லையாய்யா, எல்லாத்தையும் அழி என்றார். வண்டி ரிப்பேர், மறுபடி போக முடியாது, அழித்தால் பின்னால் இருக்கிற கோயிலும் சேர்ந்து அழியும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்த மூன்றாவது காலை மட்டும் அழித்தேன். ஆனால் மூஞ்சி என் கையில் இல்லை. அத்தனை மூஞ்சியையும் மெஷின் கலக்கிவிட்டது. சலவைச் சட்டை தெரிகிறது, ஆளைத் தெரியவில்லை.

அப்புறம் அருப்புக்கோட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் திருச்சுழிக்கும் ஒரு எட்டுப் போவேன். அண்ணாச்சி மகளைப் பற்றிக் கேட்க மாட்டார். படத்த நெறையப் பேரு பாக்குறாகளா என்பார். பாக்குறாக அண்ணாச்சி என்பேன். மூஞ்சி விஷயத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

படத்துக்குக் கீழே யார் வேண்டுமானாலும் எழுதலாம். கோயில் சூப்பர், எங்க ஊரு, இப்படித்தான் எழுதுவார்கள். ஒரு நாள் ஒரு பெண் எழுதியிருந்தாள். அவளுக்குப் படத்தை அனுப்பிவைத்தது யார் என்று தெரிய, டீக்கடைக்காரர் மூஞ்சியைப் பார்த்தாலே போதும். அதை டீக்கடையில் வைத்தே அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன்.

"இடது கையில வேட்டி நுனியப் பிடிச்சுட்டு நிக்கிறது எங்கப்பா. எல்லாப் பக்கமும் எங்கப்பாதான். ஏன் இப்பிடி மெலிஞ்சுட்டாக? மாத்திரை ஒழுங்காப் போடுறாகளா?"

அண்ணாச்சி அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம், நான் பேசக் கூடாது, நீ எழுது, போடுறாருன்னு எழுது என்றார். எழுதினேன். அதற்கு அவள் எழுதினாள். இந்த வருசம் சோளம் பரவாயில்லை, மழை ஏமாத்திருச்சு, பேரனுக்குப் பல் முளைச்சிருக்கு என்று அந்தப் படத்துக்குக் கீழே ஒரு குடும்பமே நடந்தது. நான்தான் தபால்காரன். அந்த ஒரு படத்துக்குக் கீழே மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு என்று மேனேஜருக்குக் கடைசிவரை புரியவில்லை.

பிறகு கூரையில் கேமரா வைத்த கார்கள் வந்து, ரோட்டோடு ரோடாக எடுத்துக்கொண்டு போயின. காருக்காக யாரும் சலவை வேட்டி கட்டி நிற்க முடியாது, அதற்குள் அது அருப்புக்கோட்டை தாண்டியிருக்கும். எங்கள் கம்பெனியை மூடினார்கள். ஒரு நாள் காலையில் போனில் தட்டிப் பார்த்தால் படங்கள் ஒன்றுகூட இல்லை. கோபுரம், கண்மாய், பாதி லாரி, கீழே எழுதியிருந்த பேச்சு, எல்லாம் போய்விட்டது. அண்ணாச்சிக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் ஒளிந்து திரிந்தேன்.

அவரே போன் பண்ணினார்.

"படம் போயிருச்சாமே தம்பி?"

யாரு சொன்னா அண்ணாச்சி என்றேன்.

"அவதான். அப்பாவக் காணோமேன்னு பயந்துட்டாளாம். போன் போட்டுட்டா. அடிக்கிற போன எடுக்காம என்ன செய்ய?"

எப்படியாவது பழைய படத்தைத் தேடி எடுத்து மறுபடியும் போட்டுவிடுகிறேன் என்றேன்.

"அத விடு தம்பி," என்றார். "இனி அது எதுக்கு."