கழுவிக்கொண்டு வந்த கால்

பெரிய வியாழனன்று கோயிலில் பன்னிரண்டு ஆண்களை இயேசுவின் அப்போஸ்தலர்களாக உட்காரவைத்து, சாமியார் மண்டியிட்டு அவர்கள் காலைக் கழுவி முத்தமிடுவார். அந்த நாளில் வலது காலை மட்டுமே கழுவுவது முறை. ஆகவே இராயபுரத்து அப்போஸ்தலர்களான நாங்கள் வீட்டிலேயே வலது காலைக் கல்லால் தேய்த்து, சோப்புப் போட்டு, தேங்காயெண்ணெயும் தடவிக்கொண்டுதான் வருவோம். இடது கால் இருந்தபடியே இருக்கும்.

முதல் நாற்காலி அப்போஸ்தலர்களின் தலைவரான இராயப்பருடையது, கடைசி காட்டிக்கொடுத்த யூதாஸுடையது. பூசைப் புத்தகத்தில் அப்படியெல்லாம் இல்லை; ஊர் வைத்தது.

அப்போது நான் துறைமுகத்தில் குமாஸ்தா, பட்டம் வாங்கியவன். இராயப்பர் நாற்காலிக்காக அந்தத் தவக்காலம் முழுவதும் சாமியார் சொன்னதையெல்லாம் செய்தேன். மீனைக்கூடத் தொடவில்லை. பீடத்துப் பித்தளை விளக்குகளைத் துலக்கினேன். தேவ அருளை யாரும் சம்பாதிக்க முடியாது என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். மனத்துக்குள் அதை மாதச் சம்பளம்போல எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்காலி கிடைத்தது, உட்கார்ந்தும் விட்டேன். அப்போதுதான் கடைசி நாற்காலிக்கு வரவேண்டிய படகுக்காரருக்குத் திடீர் வயிற்றுவலி என்று தெரிந்தது. மற்றவர்களை அங்கே மாறி உட்காரச் சொன்னால், முழங்காலைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். சாமியார் என்னிடம் வந்தார்.

"சொன்னபடி கேக்கறவன் நீ ஒருத்தன்தான். நீ போய் அங்கே உட்காரு. இங்கே உட்கார எத்தனையோ பேர் இருக்காங்க."

கீழ்ப்படிதலுக்குக் கிடைத்த பலன் அது. "ஆகட்டும் சாமி" என்றேன். அவர் அங்கி மாற்ற உள்ளே போனதும் வாசலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு அண்ணன் அங்கே நின்றிருந்தார். துறைமுகத்தில் கரி சுமப்பவர், குடிப்பார், கோயிலுக்குள் கால் வைத்து வருஷக்கணக்காகியிருந்தது. வேலை முடிந்து போகிற வழியில் வேடிக்கை பார்க்க நின்றவர்.

"அண்ணே, சாமி உங்களைக் கூப்பிடறார்."

"என்னியா? இன்னா நைனா, வெளயாடுறியா? காலப் பாரு, கரியா கீது."

"பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்."

அவர் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் என் பழைய இடத்துக்குத் திரும்பினேன். சாமியார் வெளியே வந்து என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு நேரே கடைசி நாற்காலிக்குப் போய் மண்டியிட்டார். முறை தெரியாத அண்ணன் இரண்டு காலையும் தாம்பாளத்தில் வைத்துவிட்டார். சாமியார் இரண்டையும் கழுவினார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு மீன்காரம்மா கேட்டாள்: "இன்னாடி அநியாயம்! யூதாஸுக்கு ரெண்டு காலு, இராயப்பருக்கு ஒண்ணா?"

துண்டு ஒன்றே ஒன்று. அது என்னிடம் வந்துசேர்ந்தபோது கன்னங்கரேலென்று இருந்தது. எண்ணெய் தடவிய என் காலில் கரி நன்றாகப் பிடித்துக்கொண்டது. முத்தமிட்டு நிமிர்ந்த சாமியாரின் வெள்ளைத் தாடியும் கறுத்திருந்தது. அந்தக் கோடியில் அண்ணன் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

உயிர்ப்பு ஞாயிறன்று அவர் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"சாமி கூப்டாரா நைனா?"

"கூப்பிட்டார்ண்ணே."

வந்தார். அடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதற்கடுத்த ஞாயிறும். கூப்பிட்டால்தான் வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். ஒவ்வொரு வாரமும் நான் வாசலுக்குப் போய்ப் பொய் சொல்லி ஒரு மனிதனைப் பூசைக்கு அழைத்து வந்தேன். குடியையும் விட்டுவிட்டார். தெருவெல்லாம் அவரைப் பற்றித்தான் பேச்சு. விளக்குத் துலக்கியவனை யாரும் நினைக்கவில்லை.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு நனைந்தபடி நின்று கேட்டார்.

"இன்னிக்கு இல்லண்ணே" என்றேன்.

அவர் என்னைத் தாண்டிப் பீடத்தைப் பார்த்தார். "பரவால்ல நைனா. அவருக்கு எத்தினியோ ஜோலி கீது" என்று சொல்லி, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போனார்.

நான் உள்ளே போய் எல்லாருக்கும் முன்னால் நற்கருணை அப்பம் வாங்கினேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை. பிறகும் வரவில்லை. பக்கத்து வீடுதான். போய்க் கூப்பிட்டிருக்கலாம்.