அக்கா ஆயில் பார்த்த பத்தொன்பது நாள்

என் அக்கா யாரையும் நம்பமாட்டாள். பால் சேகரிப்பு நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பால் சோதிக்கிறவள். அவளிடம் போய் நம்பிக்கையை எதிர்பார்த்தால் அது நம்ம தப்பு. கேனைத் திறந்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பாள். அப்புறம் பாலைக் குழலில் ஊற்றி, கருவியை மிதக்கவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கோட்டைப் படிப்பாள். தண்ணீர் கலந்தவன் அகப்பட்டால் தொலைந்தான். அவளை முதுகுக்குப் பின்னால் 'மூக்கு' என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். "கூப்பிட்டுட்டுப் போகட்டும், கலக்காம இருந்தாச் சரி" என்பாள்.

அந்தப் புத்தி நிலையத்தோடு நின்றால் பரவாயில்லை. சோப்பு வாங்கினால் தராசில் போட்டுப் பார்ப்பாள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இன்னொரு டாக்டரிடம் காட்டுவாள். நான் ஒரு மெக்கானிக்கைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு, "பழைய பார்ட்டைப் புதுசுன்னு போடுற ஆளான்னு விசாரிச்சியாடி?" என்றுதான் கேட்டாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். கல்யாணமாகி ஆறு வருஷமாகிறது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் டீ குடிக்க வேண்டுமென்றால், அடுப்புப் பக்கத்தில் நின்று நான் போடுவதைப் பார்த்த பிறகுதான் குடிப்பாள்.

இந்த லட்சணத்தில் அவள் ஆபீசில் ஓர் உத்தரவு வந்தது. மேட்டுப் பண்ணைகளுக்கு நேரில் போய்ச் சோதிக்க வேண்டும், அந்தப் பாதையில் ஏறும் வண்டி இல்லாதவருக்கு வேலை இல்லை என்று. பாதையா அது! சேறும் கல்லும். ஸ்கூட்டர் பாதியிலேயே படுத்துவிடும். என் வீட்டுக்காரர் கல்குவாரி மேஸ்திரி ஒருவரிடமிருந்து ஒரு பழைய ஏடிவி, அதுதான் அந்த நாலு சக்கர பைக், வாங்கிப் பிரித்துச் சரிசெய்து வைத்திருந்தார். "இதை அக்காவுக்கே குடுத்துடலாம்" என்றார். வண்டி ஒரு தடவை முக்கினாலும் அக்கா இவரை ஏமாற்றுக்காரர் என்பாள். இவர் ரோஷக்காரர், அதோடு முகத்தில் முழிக்க மாட்டார். எனக்கு இருப்பதே இந்த இரண்டு பேர். ஒருவரை விட்டால்தான் இன்னொருவர் என்று ஆகிவிட்டால் நான் எங்கே போவேன்?

பட்டறைக்கு வந்ததும் அக்கா நேராகப் போய் சைலன்சரைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி, கோளாறை மறைச்சு வெச்சிருக்கீங்களான்னு பார்த்தேன் தம்பி."

"நல்லாத் தொட்டுப் பாருங்க அக்கா, ஜில்லுனுதான் இருக்கும்" என்று சிரித்தார் அவர்.

ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். தினமும் காலையில் சமதளத்தில் நிறுத்தி ஆயில் பார்க்க வேண்டும். சக்கர நட்டு ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை வாரம் ஒரு தடவை அலசிக் காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும். "இந்த டயருக்குக் காத்து கம்மியாத்தான் இருக்கணும் அக்கா" என்று அவர் சொன்னதும் இவள் நிமிர்ந்தாள். "காத்துலகூடவா கம்மி பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு, போகும் வழியில் இரண்டு கடையில் விசாரித்துக்கொண்டுதான் வீடு போய்ச் சேர்ந்தாள்.

நாலாம் நாள் எனக்குப் போன் பண்ணினாள்.

"ஆயில் குறையுதுடி. ஊத்துறேன், மறுநாளும் குறையுது."

"இரு, அவர்கிட்ட சொல்றேன்."

"வாயைத் திறந்தே, கொன்னுடுவேன். சொன்னா உஷாராயிடுவார். சாம்பிள் சேரட்டும்."

தினமும் போன் வந்தது. இன்னிக்கும் குறைவு, இன்னிக்கும் குறைவு. ஒன்பதாம் நாள் புகை வருகிறது என்றாள். முதலில் இவளுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்தேன். ஆனால் ஒரே விஷயத்தைத் தினமும் காதில் போட்டால் மனசு என்ன செய்யும்? பன்னிரண்டாம் நாள், அவர் இல்லாத நேரம் பார்த்துப் பட்டறைக்குள் போய்ப் பழைய சாமான் பெட்டியைக் கிளறினேன். இன்ஜினில் எண்ணெய் கசிந்து எரியாமல் தடுக்கும் ரிங்கைப் புதுசாக மாற்றினேன் என்றாரே, கழற்றிய ரிங் எங்கே என்று. எதிர்பாராமல் வந்து நின்றார். "ஒரு ஸ்க்ரூ வேணும்" என்று சமாளித்தேன். அன்று மத்தியானம் சாப்பிடும்போது கேட்டே விட்டேன்.

"அக்காவுக்குக் குடுத்தது நல்ல இன்ஜின்தானே? என்கிட்ட மட்டுமாவது உண்மையைச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பாதிச் சோற்றோடு கை கழுவிவிட்டு எழுந்து போனார். குட்டு வெளிப்பட்டதால்தான் போகிறார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பத்தொன்பதாம் நாள் அக்கா புகையைக் கக்கும் வண்டியோடு வந்து இறங்கினாள். பட்டறையில் நாலு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். ஒரு நோட்டை எடுத்து அவர்கள் முன்னால் விரித்தாள்.

"பத்தொன்பது நாளும் குறைவு. செத்த இன்ஜினை என் தலையில கட்டிட்டீங்களே தம்பி!"

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் குனிந்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். ஸ்பாஞ்ச் எண்ணெயில் ஊறிச் சொட்டியது.

"அக்கா, தினமும் எப்படிப் பார்க்கிறீங்க? ஒரு தடவை காட்டுங்க."

இன்ஜின் கொஞ்சம் ஆறியதும் அக்கா ஆயில் மூடியைக் கழற்றினாள். மூடியோடு சேர்ந்த குச்சியைத் துடைத்து, உள்ளே விட்டு, மூடியைத் திருகாமல் வாயில் சும்மா உட்கார வைத்து எடுத்தாள். "பாருங்க, குறைவு." அவர் அதையே வாங்கித் துடைத்து, உள்ளே விட்டு, முழுசாகத் திருகி எடுத்தார். எண்ணெய் மேல் கோட்டையும் தாண்டி நின்றது.

"திருகலைன்னா குச்சி மேலேயே நின்னுடும், குறைச்சலாத்தான் காட்டும். நீங்க ஊத்தினது அதிகமாகி, போக இடமில்லாம இந்தப் பெட்டிக்குள்ள வந்து புகையாப் போகுது. மறுநாள் அந்த அளவு குறையுது. நீங்க மறுபடி ஊத்துறீங்க."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. ஆறு வருஷத்துக்கும் சேர்த்து இப்போது வாங்கப் போகிறாள் என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் வாடிக்கையாளர்கள் பக்கம் திரும்பினார்.

"தப்பு என் மேலதான். திருகணும்னு நான் சொல்லவே இல்ல. முதல் தடவையா வண்டி வாங்குறவங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினாள்.

"நீங்க பொய் சொல்றீங்க தம்பி. இதோ, என் கையெழுத்து. 'மூடியை முழுசாத் திருகி எடுத்துப் பார்க்க.' நீங்க சொன்னீங்க, நான் எழுதியிருக்கேன்."

"அப்புறம் ஏன்டியம்மா திருகல?" என்று கத்திவிட்டேன்.

"திருகினா குச்சி ஆழமாப் போகுது. ஆழமாப் போனா எண்ணெய் மேல வரைக்கும் ஒட்டும். குறைவை நிறைவாக் காட்டத்தான் இந்த வழியைச் சொல்றார்னு நினைச்சேன். பால்ல விட்ட கருவியை எவனாவது கையால அழுத்தினா நான் விடுவேனா?"

ஒருவர் களுக்கென்று சிரித்தார். அக்கா முறைத்ததும் நிறுத்திக்கொண்டார். முறைத்த அந்தக் கண்ணிலேயே தண்ணீர் தளும்பியது.

"என்னைக் காப்பாத்த இதுவரைக்கும் ஒருத்தரும் பொய் சொன்னதில்ல தம்பி. மன்னிச்சிடுங்க."

அவர் கூடுதல் எண்ணெயை வடித்து, பெட்டியைத் துடைத்து, புது ஸ்பாஞ்ச் போட்டார். அவ்வளவு நேரமும் அக்கா வண்டிக்கு முதுகைக் காட்டியபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டி தெருமுனை தாண்டியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பேரும் எனக்கு மிச்சம்!

"பார்த்தீங்களா, அக்காவே மன்னிப்புக் கேட்டுட்டா!"

"அவங்க மேல எனக்கு வருத்தமே இல்ல." கழிவுத் துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அவங்களாவது பத்தொன்பது நாள் அளந்து பார்த்துட்டுச் சந்தேகப்பட்டாங்க. நீ எதை அளந்த?"

நானும் மன்னிப்புக் கேட்டேன். அக்காவைவிட நன்றாகவே கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "சாப்பாடு எடுத்து வை" என்று மட்டும் சொன்னார்.